குரல் செய்தியிலிருந்து புல் ரிக்வெஸ்ட் வரை: சிறிய திறமூலத் திட்டத்தை ஒழுங்காக நடத்த ஒரு வழிகாட்டி

நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் தமிழில் காட்டும் ஒரு சிறிய ஆண்ட்ராய்டு செயலியை எடுத்துக்கொள்வோம். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ், அதாவது இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், வெளியிடும் முன்னறிவிப்பை வாங்கி, ராமநாதபுரம் மாவட்டக் கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை ஊர் ஊராகப் பிரித்துப் பெரிய எழுத்தில் போடுவதுதான் அதன் வேலை. நிரல் எழுதுகிறவர்கள் மூன்று நான்கு பேர். எல்லோருக்கும் பிழைப்புக்கு வேறு வேலை உண்டு. பயன்படுத்துகிறவர்கள் கரை நெடுகப் பரவியிருக்கிறார்கள். நான் கைகொடுத்து வரும் திட்டம் ஏறத்தாழ இப்படிப்பட்டதுதான்.

இத்தகைய திட்டங்களில் நிரல் கெடுவதற்கு முன்பே கணக்கு வழக்கு கெட்டுவிடும். பாம்பனில் ஒருவர் ஏலக்கூடத்தில் நின்று சொன்ன குறை, கேட்டவரின் நினைவில் மட்டும் இருக்கும். இன்னொன்று வாட்ஸ்அப் குழுவில் பொங்கல் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்திருக்கும். மூன்றாவதை யாரோ சரிசெய்திருப்பார். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். புதிதாகச் சேர வரும் கல்லூரி மாணவர் "நான் எதை எடுத்துச் செய்யட்டும்?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், அல்லது பதிலே வராது.

குறையைச் சொன்னவரும் அதைத் தீர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே வேலை நடந்தாக வேண்டும். திறமூலத் திட்டத்தின், அதாவது நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் திறந்து வைத்திருக்கும் திட்டத்தின், ஒழுங்கு என்பது முழுக்க அதற்கான ஏற்பாடுதான். புதிதாகத் திட்டம் தொடங்குகிறவர்களுக்கும், நடக்கும் திட்டத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கும் அந்த ஏற்பாட்டைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எல்லாம் ஒரே இடத்தில்

கிட்ஹப், கிட்லேப், கோட்பெர்க் எதுவானாலும் சரி. மூன்றிலும் நிரலை வைக்கக் களஞ்சியம் உண்டு, குறைகளைப் பதிய இஷ்யூ பட்டியல் உண்டு, செய்த மாற்றத்தை அனுப்பி, சேர்த்துக்கொள்ளும்படி கேட்க வழி உண்டு (கிட்ஹப்பில் இதற்குப் புல் ரிக்வெஸ்ட் என்று பெயர்). எது சிறந்தது என்று ஒரு மாதம் விவாதிக்காதீர்கள். குழுவில் அதிகம் பேருக்குப் பழக்கமானதை எடுத்துக்கொண்டு, "இஷ்யூ பட்டியலில் இல்லாத வேலை திட்டத்தில் இல்லை" என்ற ஒரே விதியைப் போட்டுவிடுங்கள்.

இந்த விதி நிரலாளர்களுக்கு மட்டும். விடியுமுன் கடலுக்குப் போய் வெயில் ஏறிக் கரை திரும்புகிற ஒருவரிடம் "கிட்ஹப்பில் கணக்குத் தொடங்கி எழுதுங்கள்" என்று சொல்வது அநியாயம். அவர் குரல் செய்தியாகவே அனுப்பட்டும். அதைக் கேட்டு, புரிந்துகொண்டு, பட்டியலில் ஏற்றுவது நம் பொறுப்பு. வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். "யாராவது ஏற்றிவிடுவார்கள்" என்று விட்டால் ஒருவரும் ஏற்ற மாட்டார்கள். முறை யாருடையது என்பதைக் குழுவின் அறிவிப்பிலேயே போட்டு வைத்தால் நல்லது.

ஏற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இஷ்யூ பட்டியல் ஊரறிந்த இடம். தேடுபொறிகளும் அதைப் படிக்கும். ஆகவே சொன்னவரின் பெயர், தொலைபேசி எண், படகின் பதிவு எண் எதுவும் அங்கே போகக்கூடாது. "பாம்பனிலிருந்து ஒரு பயனர்" என்பது போதும். செயலி எழுதி வைக்கும் பதிவுக் கோப்பை அப்படியே இணைப்பது அதைவிட ஆபத்து. அதில் ஜிபிஎஸ் புள்ளிகள் இருக்கலாம். ஒருவர் எந்த இடத்தில் வலை விடுகிறார் என்பது அவருடைய தொழில் ரகசியம். இலங்கைக் கடல் எல்லை இவ்வளவு அருகில் இருக்கும் இந்தக் கரையில், படகு எங்கே போயிற்று என்பதைப் பொதுவெளியில் வைப்பது வேறு வம்புகளையும் கொண்டுவரும். பதிவுக் கோப்பை இணைக்கும் முன் இடக்குறிப்புகளை அழிக்கும் ஒரு சிறு நிரலை எழுதி வைப்பதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள்.

இரண்டாம் படி: குறையை எழுதுவது

இதில்தான் அதிக நேரம் செலவழிக்கத் தகும். குழுவுக்கு வந்த ஒரு குரல் செய்தியின் சாரம் இது: "தம்பி, காற்று குறைவு என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் வல்லத்தை நிறுத்தி வலை இழுக்க முடியவில்லை. உங்கள் செயலி தப்பாகக் காட்டுகிறது. அதோடு காற்றின் வேகத்துக்குப் போடும் அந்த நாட் கணக்கும் எங்களுக்குப் புரியவில்லை."

இதை அப்படியே எடுத்து "காற்று தப்பு" என்று தலைப்பிட்டு ஏற்றினால், சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்திருக்கும் நிரலாளர் என்ன செய்வார்? முன்னறிவிப்புச் சேவையைச் சந்தேகப்படுவார், கணக்கைச் சரிபார்ப்பார், எல்லாம் ஒழுங்காக இருப்பதைப் பார்த்துவிட்டு இஷ்யூவை மூடிவிடுவார். அவர்மேல் குற்றமில்லை.

முறைக்கு இருப்பவர் முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். எந்த நாள்? செயலியை எப்போது திறந்தீர்கள், கரையிலா கடலிலா? திரையில் எந்த ஊர் பெயர் இருந்தது? இந்த மூன்று கேள்விகளில் உண்மை வெளியே வந்துவிட்டது. அவர் செயலியைத் திறந்தது கடலில். கரையிலிருந்து சில கிலோமீட்டர் தாண்டினால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். செயலி கடைசியாக இறக்கி வைத்திருந்த முன்னறிவிப்பைக் காட்டியிருக்கிறது. அது முந்தாநாள் உடையது. திரையில் தேதி இல்லை. காற்றின் வேக எண் சரிதான், நாள்தான் வேறு.

இப்போது எழுதப்படும் இஷ்யூ இப்படி இருக்கும்:

தலைப்பு: சிக்னல் இல்லாதபோது பழைய முன்னறிவிப்பு இன்றையது போலத் தெரிகிறது.

நடந்தது: கடலில் இணையத் தொடர்பு இல்லாத நேரத்தில் செயலியைத் திறந்தால், கடைசியாக இறக்கிய முன்னறிவிப்பு வருகிறது. அது எந்த நாளுக்கானது என்று திரையில் எங்கும் இல்லை.

நடந்திருக்க வேண்டியது: பார்ப்பது பழைய தகவல் என்பது முதல் பார்வையிலேயே தெரிய வேண்டும்.

மீண்டும் வரவழைக்க: இணையத் தொடர்போடு ஒருமுறை செயலியைத் திறக்கவும். மூடவும். விமானப் பயன்முறைக்கு மாற்றவும். போனின் தேதியை இரண்டு நாள் தள்ளி வைக்கவும். மறுபடி திறக்கவும்.

கருவி: ஆண்ட்ராய்டு 10, செயலிப் பதிப்பு 0.8.2. ஊர்: பாம்பன், மன்னார் வளைகுடாப் பக்கம்.

இதைப் படிக்கிறவருக்குக் கடலைப் பார்த்த பழக்கம்கூடத் தேவையில்லை. மேசையில் உட்கார்ந்தபடியே பிழையை வரவழைத்துவிடலாம். "மீண்டும் வரவழைக்க" என்ற பகுதிதான் இஷ்யூவின் உயிர். அது இல்லாத இஷ்யூவை யாரும் எடுக்கத் தயங்குவார்கள். எடுத்தாலும் முடிந்ததா என்று சொல்ல முடியாது.

தலைப்பில் "தேதியைச் சேர்க்கவும்" என்று போடவில்லை என்பதைக் கவனியுங்கள். அது ஒரு தீர்வு. ஒரு நாளுக்கு மேல் பழையதானால் எண்ணையே மறைத்துவிடுவது இன்னொரு தீர்வு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஏனென்றால் ஆடும் படகில் நின்றுகொண்டு சின்னத் தேதியை யாரும் படிக்கப் போவதில்லை. ஆனால் அந்த விவாதம் இஷ்யூவின் உள்ளே நடக்கட்டும். தலைப்பு பிரச்சினையை மட்டும் சொல்லட்டும்.

குரல் செய்தியின் கடைசி வரியில் நாட் கணக்கு புரியவில்லை என்று இருந்ததே, அது தனி இஷ்யூ. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், 25 நாட் என்றால் சுமார் 46 கிலோமீட்டர். தொலைக்காட்சியிலும் வானொலியிலும் வரும் புயல் எச்சரிக்கைகள் கிலோமீட்டரில் இருக்க, செயலி மட்டும் நாட் என்ற அலகில் பேசினால் குழப்பம்தான். இதைத் தீர்ப்பவர் வேறு, தீர்க்க ஆகும் நேரம் வேறு. இரண்டையும் ஒரே இஷ்யூவில் போட்டால் ஒன்று முடிந்த பிறகும் மற்றது முடியாமல் அந்த இஷ்யூ ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடக்கும்.

படம் போதாது, எழுத்தும் வேண்டும்

திரைப்பிடிப்பு உதவும். ஆனால் தமிழ் எழுத்து சம்பந்தப்பட்ட குறை என்றால், எழுத்தையே நகலெடுத்து ஒட்டச் சொல்லுங்கள்.

"தொண்டி என்று தேடினால் ஊர் கிடைப்பதில்லை" என்று ஒரு குறை வந்ததாக வைத்துக்கொள்வோம். திரைப்பிடிப்பில் தேடல் பெட்டியிலும் தொண்டி, ஊர்ப் பட்டியலிலும் தொண்டி. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இன்னும் சில ஊர்களைத் தேடிப் பார்த்தால் பாம்பன் கிடைக்கிறது, மண்டபம் கிடைக்கிறது, ஏர்வாடி கிடைக்கிறது. தனுஷ்கோடி கிடைக்கவில்லை, வாலிநோக்கம் கிடைக்கவில்லை. கிடைக்காத மூன்றையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள்: தொ, கோ, நோ. எழுத்தின் இரு பக்கமும் குறி வருகிற ஒகர, ஓகார எழுத்துகள்.

யுனிகோடில் ஒகரக் குறிக்கு ஒரே குறியெண் உண்டு. அதையே எகரக் குறி, கால் என்று இரண்டு குறியெண்களாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு வேறு வேறு. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியலை யுனிகோடுக்கு மாற்றும் கருவிகளில் சில இப்படிப் பிரித்துப் போட்டுவிடும். தீர்வு எளிது: ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற இயல்பு வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் அதற்கான வசதி மொழியோடு வருகிறது. இந்தக் குறையைப் படமாக மட்டும் அனுப்பியிருந்தால் நாள் முழுவதும் முறைத்துப் பார்த்தாலும் பிடிபடாது.

மூன்றாம் படி: கேள்விப் படிவம்

இஷ்யூ திறக்கும்போதே கேள்விகள் தயாராக வரும்படி டெம்ப்ளேட் வைக்கலாம். கிட்ஹப்பில் அதற்கென்று ஒரு கோப்புறை உண்டு. நான்கு கேள்விகளுக்கு மேல் வேண்டாம். பதினைந்து கேள்விகள் உள்ள படிவத்தை எவரும் நிரப்புவதில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

எந்த மொழியில் எழுதுவது என்பதில் சண்டை வரும். என் தீர்ப்பு இது: குறைகளும் விவாதமும் தமிழில், நிரலின் உள்ளே வரும் குறிப்புகளும், ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும்போது (கமிட்) எழுதும் செய்திகளும் ஆங்கிலத்தில். குறை சொல்பவர்களின் மொழி தமிழ். நிரலைப் பிற்காலத்தில் எடுத்துப் பயன்படுத்தக்கூடியவர் கேரளத்திலோ ஒடிசாவிலோ இருக்கலாம்.

நான்காம் படி: வாரம் ஒருமுறை தரம் பிரிப்பது

கரைக்கு வந்த வலையிலிருந்து நண்டைத் தனியே, கணவாயைத் தனியே, காரலைத் தனியே எடுப்பது போல, வந்து குவிந்த இஷ்யூக்களையும் யாராவது உட்கார்ந்து பிரித்தாக வேண்டும். வாரத்தில் அரை மணி நேரம் போதும், இருவர் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. அந்த அரை மணி நேரத்தில் எதையும் சரிசெய்யாதீர்கள். சுவாரசியமான ஒரு பிழையைக் கண்டதும் நிரலைத் திறந்துவிட்டால் மற்றவை அப்படியே கிடக்கும்.

ஒவ்வொரு புதிய இஷ்யூவிலும் முதலில் கேட்க வேண்டியது: இது ஏற்கெனவே இருக்கிறதா? இருந்தால் ஒன்றை மூடி, மற்றதற்கு இணைப்புக் கொடுங்கள். பழையதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமில்லை. எது தெளிவாக எழுதப்பட்டதோ அது இருக்கட்டும். அடுத்து, பிழையை வரவழைக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் என்ன விவரம் வேண்டும் என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஒரு மாதம் பதில் இல்லாவிட்டால் மூடலாம். மூடியதை மறுபடி திறப்பது ஒரு சொடுக்கு வேலை. சில திட்டங்கள் பழைய இஷ்யூக்களைத் தானாக மூடும் ரோபோவை வைத்திருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிரமப்பட்டு எழுதியவருக்கு இயந்திரம் பதில் சொல்வது அவமரியாதை.

கடினமானது, நல்ல யோசனைக்கு முடியாது என்று சொல்வது. மீன் விலையையும் காட்டலாமே என்பார்கள். கடல் எல்லையை நெருங்கினால் மணி அடிக்கட்டுமே என்பார்கள். இரண்டும் தேவைதான். ஆனால் விலை ஏலத்துக்கு ஏலம் மாறும். அதைத் தினமும் யார் திரட்டுவது? எல்லை விஷயத்தில் போனின் ஜிபிஎஸ் கொஞ்சம் பிசகினாலும் விளைவைச் சுமக்கப் போகிறவர் படகில் இருப்பவர். "இந்தச் செயலி காற்றையும் அலையையும் மட்டும் சொல்லும். எல்லையைத் துல்லியமாகச் சொல்லும் பொறுப்பை எங்களால் ஏற்க முடியாது. ஆகவே இதை மூடுகிறோம். யோசனைக்கு நன்றி" என்று காரணத்தோடு எழுதி மூடிவிடுங்கள். முடிவு சொல்லாமல் திறந்தே வைத்திருப்பது மரியாதை போலத் தோன்றும். ஆனால் புதிதாக வருகிற நிரலாளர் அதை எடுத்துப் பல நாள் உழைத்து அனுப்பிய பிறகு "வேண்டாம்" என்று சொல்ல நேர்ந்தால் அதைவிடக் கொடுமை கிடையாது.

லேபிள்கள் எத்தனை?

கிட்ஹப்பில் புதிய களஞ்சியம் தொடங்கினால், இஷ்யூக்களை வகைப்படுத்த ஒட்டும் லேபிள்கள் ஒன்பது தானாகவே வரும். சிறிய திட்டத்துக்கு அதுவே அதிகம். நான் பரிந்துரைப்பது மூன்று வகை. முதலாவது இது என்ன என்பது: வழு, புதிய வசதி, ஆவணம். இரண்டாவது எந்தப் பகுதி என்பது. எங்கள் செயலிக்கு இதில் "பாக்", "மன்னார்" என்ற இரண்டு லேபிள்கள் பெரிதும் பயன்படுகின்றன. ஒரே மாவட்டம்தான், ஆனால் தேவிபட்டினமும் தொண்டியும் பாக் விரிகுடாப் பக்கம், கீழக்கரையும் ஏர்வாடியும் மன்னார் வளைகுடாப் பக்கம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்கே கடல் கொந்தளிக்கும். வாடைக் காலத்தில் வடக்கே. ஒரு பக்கத்தில் மட்டும் வருகிற பிழைகள் உண்மையிலேயே உண்டு.

மூன்றாவது அவசரம். உயர்வு, நடுத்தரம், தாழ்வு என்று படிநிலை வைத்தால் எல்லாமே உயர்வாகிவிடும். ஒரே ஒரு லேபிள் வையுங்கள்: "கடலில் ஆபத்து". தவறான தகவலை நம்பி ஒரு படகு கிளம்பிவிடக்கூடும் என்றால் அந்த லேபிள், இல்லையென்றால் இல்லை. பழைய முன்னறிவிப்பு இன்றையது போலத் தெரிகிற பிழைக்கு அது உண்டு. தொண்டி தேடலில் கிடைக்காததற்கு இல்லை. இந்த லேபிள் உள்ள இஷ்யூ திறந்திருக்கும்போது புதிய பதிப்பு வெளியிடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டால், எதை முதலில் செய்வது என்ற வாக்குவாதம் பாதி குறைந்துவிடும்.

எப்போது முடிக்க வேண்டும் என்பதற்கு மைல்ஸ்டோன் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். இந்தக் கரையில் மென்பொருள் வெளியிடுகிறவர்களுக்கு இதைவிட வசதியான காலக்கெடு அமையாது. தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை பின்னிக்கொண்டிருப்பவர்களிடம் போனைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லலாம். "ஜூன் 15" என்று ஒரு மைல்ஸ்டோன் வைத்து, அதற்குள் முடியக்கூடியதை மட்டும் அதில் சேருங்கள்.

ஐந்தாம் படி: புதியவருக்கு முதல் வேலை

"குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ" என்ற லேபிளை மட்டும் அதன் ஆங்கிலப் பெயரிலேயே வைத்திருங்கள். புதியவர்களுக்கு ஏற்ற வேலைகளை கிட்ஹப் அந்தப் பெயரைக் கொண்டுதான் அடையாளம் காட்டுகிறது.

எளிதான வேலை என்பதால் மட்டும் அது புதியவருக்கு ஏற்றதாகிவிடாது. எந்தக் கோப்பைத் திறப்பது, எந்த இடத்தில் மாற்றுவது, முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது ஆகிய நான்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். தொண்டிப் பிழை இதற்கு நல்ல உதாரணம்: "ஊர்த் தேடல் கோப்பில் ஒப்பிடும் இடத்தில் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றவும். தொண்டி, தனுஷ்கோடி, வாலிநோக்கம் மூன்றும் கிடைத்தால் வேலை முடிந்தது." இதை எழுதுகிற நேரத்தில் நீங்களே அந்த ஒரு வரியை மாற்றிவிடலாம் என்று தோன்றும். மாற்றாதீர்கள். அந்த ஒரு வரியை மாற்றும் சாக்கில் ஒரு மாணவர் களஞ்சியத்தை நகலெடுத்து, செயலியைத் தன் கணினியில் ஓட்டி, சோதித்து, மாற்றத்தை அனுப்பக் கற்றுக்கொள்கிறார்.

எடுக்கிறவர் "இதை நான் செய்கிறேன்" என்று எழுத வேண்டும். பராமரிப்பாளர் அவர் பெயரில் ஒதுக்க வேண்டும். இரண்டு வாரம் சத்தம் இல்லாவிட்டால் ஒருமுறை விசாரித்துவிட்டு விடுவித்துவிடலாம். தேர்வு வந்திருக்கும், வேலை கிடைத்திருக்கும். யாரும் சங்கடப்பட வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் ஒருவருக்கு ஒரு வேலைதான். பத்து இஷ்யூக்களில் "எனக்கு ஒதுக்குங்கள்" என்று போட்டுவிட்டு மறைந்துபோகிறவர்கள் எல்லாத் திட்டத்துக்கும் வருகிறார்கள்.

பரிசுக்காகப் பங்களிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்க அக்டோபரில் நடக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் 2020ஆம் ஆண்டு அனுபவம் சாட்சி. நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்றதும், திட்டத்தின் அறிமுகமான ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பும் குப்பைகள் உலகெங்கும் குவிந்தன. விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அந்த அக்டோபரிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

ஆறாம் படி: மாற்றத்தை அனுப்புவது

இனி, சேர வருகிறவர்களுக்கு. களஞ்சியத்தை ஃபோர்க் செய்யுங்கள் (உங்கள் கணக்கில் ஒரு நகல் எடுப்பது), உங்கள் கணினிக்கு இறக்குங்கள், ஒன்றையும் மாற்றாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லை என்றால் நிறுவும் வழிமுறை எழுதப்பட்டதில் ஓட்டை இருக்கிறது. அதைச் சரிசெய்து அனுப்புவதே உங்கள் முதல் பங்களிப்பாக இருக்கலாம். பல மாதமாக உள்ளே இருப்பவர்களுக்கு அந்த ஓட்டை கண்ணில் படவே படாது.

ஓடினால், வேலைக்கென்று தனிக் கிளை, அதாவது முதன்மை நிரலைத் தொடாமல் மாற்றிப் பார்க்க ஒரு தனிப் பாதை, தொடங்குங்கள். முதன்மைக் கிளையில் நேரடியாக மாற்றினால், முதல் மாற்றம் பரிசீலனையில் இருக்கும்போது இரண்டாவதைத் தொடங்க முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். இஷ்யூ சொல்லும் வேலையை மட்டும் செய்யுங்கள். போகிற போக்கில் கோப்பு முழுவதையும் உங்கள் எடிட்டர் அழகுபடுத்திவிட்டால், மூன்று வரி மாற்றம் முந்நூறு வரியாகத் தெரியும். பரிசீலிப்பவர் தலையில் கைவைத்துக்கொள்வார். செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்துவதும் பயன்படுத்தாததும் உங்கள் விருப்பம். ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்; அந்த ஒரு நிபந்தனைக்கு விலக்கு இல்லை.

புல் ரிக்வெஸ்ட் விளக்கத்தில் என்ன மாற்றினீர்கள், எப்படிச் சோதித்தீர்கள், எந்த போனில் பார்த்தீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். திரையில் தெரியும் மாற்றம் என்றால் முன்னும் பின்னுமாக இரண்டு படம். "ஃபிக்சஸ்" என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, பக்கத்தில் ஹாஷ் குறியோடு இஷ்யூ எண்ணைப் போட்டால், மாற்றம் முதன்மைக் கிளையில் சேர்ந்ததும் இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும். வேறு கிளையில் சேர்த்தால் மூடாது. இது தெரியாமல் பலர் குழம்புகிறார்கள். பாதி வேலையிலேயே கருத்துக் கேட்க விரும்பினால் டிராஃப்ட் (வரைவு) நிலையில் அனுப்பலாம்.

பரிசீலிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று நாளுக்குள் ஏதாவது ஒரு பதில் போடுங்கள், "ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்" என்றாவது. கருத்துச் சொல்லும்போது எது கட்டாயம், எது உங்கள் ரசனை என்று பிரித்துச் சொல்லுங்கள். மாறிக்குப் பெயர் வைப்பதில் ஏழு முறை திருப்பி அனுப்பப்பட்ட மாணவர் எட்டாவது முறை வர மாட்டார்.

நிரல் எழுதாதவர்களின் பங்களிப்பையும் இதே பட்டியலில் கொண்டுவர வேண்டும். திரையில் "தென்மேற்குக் காற்று" என்று இருப்பதைவிடக் "கச்சான்" என்று இருந்தால் சட்டென்று புரியும் என்று சொல்பவர், "சீலா" என்றால் ஓர் ஊரில் ஒரு மீன், அடுத்த ஊரில் வேறு மீன் என்று எச்சரிப்பவர், தடைக்காலத்தில் போனை வாங்கிப் பொறுமையாகச் சோதித்தவர் எல்லோரும் பங்களிப்பாளர்களே. பங்களிப்பாளர் பட்டியலில் அவர்கள் பெயரையும் போடுங்கள். போடும் முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: உரிமமும் சாவிகளும்

உரிமக் கோப்பு இல்லாமல் நிரலைப் பொதுவில் வைத்தால் அது திறமூலம் ஆகாது. பார்க்கலாம், சட்டப்படி எடுத்துப் பயன்படுத்த முடியாது. எம்ஐடி, ஜிபிஎல் போன்ற திறமூல உரிமங்களில் ஒன்றை முதல் நாளே தேர்ந்தெடுத்துவிடுங்கள். பலர் பங்களித்த பிறகு உரிமத்தை மாற்றுவதென்றால் பொதுவாக ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்க வேண்டியிருக்கும். எடுத்துப் பயன்படுத்தும் தகவலுக்கு வேறு நிபந்தனைகள் இருக்கலாம். முன்னறிவிப்பு தருகிற நிறுவனத்தின் விதிகளைத் தனியே படிக்க வேண்டும்.

பாதுகாப்பு ஓட்டைகள் இஷ்யூ பட்டியலுக்கு வரக்கூடாது. அவற்றைத் தனியே தெரிவிக்க ஒரு மின்னஞ்சல் முகவரியை "செக்யூரிட்டி" கோப்பில் போட்டு வையுங்கள். சேவைகளின் ரகசியச் சாவி தவறிப்போய்க் கமிட்டில் ஏறிவிட்டால், அடுத்த கமிட்டில் அழிப்பது பயன்படாது. மாற்றங்களையெல்லாம் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளின் வரலாற்றில் அது இருந்துகொண்டேயிருக்கும். உடனே அந்தச் சாவியை ரத்து செய்து புதியதை வாங்குங்கள்.

களஞ்சியத்தில் எழுதும் உரிமையை யாருக்குக் கொடுப்பது? அவசரப்பட வேண்டாம். 2024ஆம் ஆண்டு மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளின் அளவைச் சுருக்கும் மென்பொருளில் கள்ளக் கதவு வைக்கப்பட்டது வெளியே வந்தது. தனியாளாகப் பராமரித்து வந்தவரிடம் ஆண்டுக்கணக்கில் உதவிக்கரம் நீட்டி நம்பிக்கை பெற்று, உரிமையும் பெற்ற ஒரு கணக்கு செய்த வேலை அது. தொலைநிலை உள்நுழைவு சுமார் அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து ஆராயப்போன ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். அதற்காக எல்லோரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. எந்த மாற்றமும் இன்னொருவர் பார்க்காமல் முதன்மைக் கிளையில் சேரக்கூடாது என்று பூட்டு வைத்துவிட்டால் போதும். திட்டத்தைத் தொடங்கியவருக்கும் அதே பூட்டு.

தனியாள் பொறுப்பின் இன்னொரு ஆபத்து, செயலி உங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்தக் கையொப்பமிடும் சாவி. பிளே ஸ்டோர் வழியாக இல்லாமல் ஏபிகே என்ற நிறுவல் கோப்பாக வாட்ஸ்அப்பில் பகிரும் திட்டங்களுக்கு இது முக்கியம். அந்தச் சாவி ஒருவரின் மடிக்கணினியில் மட்டும் இருந்து, அது உப்புக் காற்றில் துருப்பிடித்துச் செயலிழந்துவிட்டால், புதிய சாவியால் கையொப்பமிட்ட பதிப்பைப் பழைய செயலிமேல் ஆண்ட்ராய்டு ஏற்றாது. பயனர்கள் ஒவ்வொருவரும் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவ வேண்டும். தங்கச்சிமடத்திலிருந்து சாயல்குடி வரை ஒவ்வொருவருக்கும் அதை எப்படிச் சொல்வீர்கள்? சாவியின் நகலைக் கடவுச்சொல்லோடு பூட்டி, வேறு வேறு ஊரில் இருக்கும் இருவரிடம் கொடுத்து வையுங்கள். யாரிடம் இருக்கிறது என்பதைக் குழுவுக்குள் எழுதி வையுங்கள். அந்த நகலைக் கொண்டு புதிய கணினியில் ஒரு பதிப்பை உருவாக்க முடிகிறதா என்று அடுத்த தடைக்காலத்துக்குள் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.